குரலும் எதிரொலியும்
டப் இசையும் தோட்டத்துப் பாட்டும்

ஊவா மலைநாட்டில், அப்புத்தளைக்குத் தென்கிழக்கே, கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்த என்னும் தேயிலைத் தோட்டம் அமைந்துள்ளது. அத்தகைய மலைச்சரிவொன்றில் நின்று உரத்துக் கூவுவார், தம் குரலை எதிர்மலையினின்றும் மீளக் கேட்பர். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் விரைவிற் செல்வது. ஆதலின் 170 மீற்றருக்கு அப்பாலுள்ள பாறைச்சுவரிற் பட்ட குரல் ஒரு வினாடி கழித்துக் கூவியவரை வந்தடையும். திரும்பி வருவது அவர் குரலே. ஆயினும் அது முன்னைய குரலன்று. மெய்யெழுத்துக்களின் கூர்மை மழுங்க, உயிரோசை நீண்டு நிற்கும். மலை தன் இயல்பையும் கலந்தே குரலைத் திருப்பியனுப்புகின்றது.

எதிரொலியின் இவ்வியல்பை அடிப்படையாகக் கொண்டு ஓர் இசைமுறையே உலகில் எழுந்தது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமேக்காவில், றெகே இசையின் வயிற்றிற் பிறந்த அம்முறை 'டப்' எனப்படும். அதிலே குரல் தருபவர் ஒருவர். அக்குரலை ஒலிக்கருவிகளாற் பிரித்தும், மறைத்தும், நீட்டியும் புதுவடிவு தருபவர் மற்றொருவர். இவ்விருவர்க்கும் இடையே உள்ள உறவு யாது? முடிவில் எழும் பாட்டு எவர்க்கு உரியது? இவ்வினா ஜமேக்காவிற்கு மட்டும் உரியதன்று. தேயிலைத் தோட்டங்களின் நினைவிலே வேர்கொண்டு 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் தமிழ்ப் பாட்டும் இதே வினாவைத் தமிழர் முன் நிறுத்தியது. ஆதலின் டப் இன்னதென முதலில் விளக்கிப் பின்னர்த் தோட்டத்துப் பாட்டின் வரலாற்றை நோக்குதல் பொருத்தமாகும்.

ஜமேக்காவும் இலங்கையும் பெருந்தோட்டத்தாற் பிணைக்கப்பட்ட தீவுகள். அங்கே கரும்பு, இங்கே முதலிற் கோப்பி, பின்னர்த் தேயிலை. ஜமேக்காவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தோர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டவர். 1834ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டத்தால் நீங்கியது. 1838இல் அதன் எஞ்சிய தளையும் அறுந்தது. அதன்பின் தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1845ஆம் ஆண்டு முதல் இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தின்பேரில் அத்தீவிற்குக் கப்பலேறினர். ஏறத்தாழ அதே காலத்திலேதான் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கங்காணிகளின் பின்னே மன்னார்க் கரையிற் கால்வைத்து, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து மலையேறினர். கடல் கடந்த இரு தீவுகளிலும் நிலம் பிறர்க்குரியது, உழைப்பு இவர்க்குரியது, பாட்டு ஒன்றே இவர்தம் சொந்த உடைமை.

ஜமேக்கா 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடுதலை பெற்றது. அவ்விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே 'ஸ்கா' என்னும் விரைநடை இசை ஓங்கியது. அது படிப்படியாக நடை தளர்ந்து 1968ஆம் ஆண்டளவில் றெகே என்னும் வடிவை எய்தியது. இதன் தாள அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு வட்டத்தில், மேனாட்டு நடன இசை முதல் எண்ணிக்கையை அழுத்தி ஒலிக்கும். றெகேயின் சிறப்பான நடையிலோ முதல் எண்ணிக்கை வெறுமையாய் விடப்படும். பெருமுரசு மூன்றாம் எண்ணிக்கையில் விழும். கித்தார் இரண்டிலும் நான்கிலும் குறுக நறுக்கி ஒலிக்கும். கருநாடக இசை பயின்றோர்க்கு இது விளங்குவது அரிதன்று. சமத்தில் தொடங்காது, சற்றுத் தாழ்த்து எடுக்கும் அனாகத எடுப்பில் முதற்றட்டு ஓசையின்றி நிற்பதும், கேட்போன் மனத்தில் அவ்விடம் நிரம்புவதும் போல்வதே இதுவும். வெறுமையும் தாளத்தின் உறுப்பே என்னும் உணர்வு றெகேயின் அடிப்படை. 2018ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் இவ்விசையைச் சேர்த்துக்கொண்டது.

இனி, டப் தோன்றிய வரலாறு. தலைநகர் கிங்ஸ்ரனில் ஏழை மக்கள் வானொலியை விடத் தெருவோர ஒலிபெருக்கிக் கூட்டங்களிலேயே இசையைக் கேட்டனர். பெரும் பெட்டி ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றி வந்து, திறந்தவெளியிலே இசைத்தட்டுகளை ஒலிக்கச்செய்வோர் பலர் இருந்தனர். எவரிடத்தும் இல்லாத தட்டு தம்மிடத்து இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் போட்டி. அதன்பொருட்டு மென்பூச்சுக் கொண்ட தட்டுகளில் தனிப்படி எடுக்கப்பட்டது. அவ்வாறு படியெடுத்தலே ஆங்கிலத்தில் 'டப்' எனப்பட்டது. 1960களின் இறுதியில், அத்தகைய படியொன்றிலே பாடகர் குரல் தவறுதலாக விடுபட்டதென்றும், அதனை ஒலிக்கச் செய்தபோது கூட்டத்தினர் தாமே அப்பாடலைப் பாடி மகிழ்ந்தனர் என்றும் கூறுவர். குரல் நீங்கிய அவ்வடிவம் 'வேர்ஷன்' எனப் பெயர்பெற்று, இசைத்தட்டின் மறுபக்கத்தில் இடம்பெறலாயிற்று.

இதனை ஒரு கலையாக உயர்த்தியவர் கிங் டபி எனப் புகழ்பெற்ற ஒஸ்போர்ன் றடொக் (1941 - 1989). அவர் பாடகர் அல்லர். கருவி வாசிப்பவரும் அல்லர். வானொலியும் ஒலிபெருக்கியும் பழுதுபார்த்த மின்வினைஞர். கிங்ஸ்ரனின் வாட்டர்ஹவுஸ் பகுதியிலிருந்த தம் வீட்டிலேயே ஒலிக்கலவைக் கூடமொன்றை நிறுவினார். அக்காலத்துப் பதிவுநாடா நான்கு தடங்களை உடையது. முரசு, அடித்தொனிக் கித்தார், பிற கருவிகள், குரல் ஆகியவை தடங்களிலே பிரிந்து நிற்கும். ஒவ்வொரு தடத்தையும் ஒரு நெம்புகோல் ஏற்றவும் இறக்கவும் வல்லது. டபி அந்நெம்புகோல்களை வாத்தியம்போல் இயக்கினார். குரல் இரண்டு சொல் பாடும், உடனே மறையும். முரசும் அடித்தொனியும் மட்டும் நிற்கும். கித்தாரின் ஒரு நறுக்கு எங்கிருந்தோ தோன்றிப் பலமுறை எதிரொலித்துத் தேயும். பின் குரல் மீண்டும் ஒரு சொல்லாய் எழும்.

எதிரொலி செய்யப்பட்ட முறையும் அறியத்தக்கது. காந்த நாடாவில் ஒலியைப் பதியும் தலையும், பதிந்ததைப் படிக்கும் தலையும் சிறிது இடைவெளியில் அமைந்தவை. நாடா வினாடிக்கு 7½ அங்குலம் ஓடுவதாகவும், தலைகளிடையே 2 அங்குல இடைவெளி இருப்பதாகவும் கொண்டால், பதிந்த ஒலி ஒரு வினாடியின் நான்கிலொரு பங்கிற்குச் சற்று மேலான காலம் தாழ்த்துக் கேட்கும். அவ்வாறு கேட்ட ஒலியை மீண்டும் பதியும் தலைக்கே அனுப்பினால் ஒன்று பலவாகிப் படிப்படியாய் மெலியும். மலைப் பள்ளத்தாக்கு நூற்றுக்கணக்கான மீற்றரிற் செய்யும் வேலையை, இரண்டங்குல நாடா ஓர் அறையினுள்ளே செய்துவிடுகின்றது. லீ பெறி (1936 - 2021) என்பார் 1973ஆம் ஆண்டளவில் தம் வீட்டு முற்றத்தில் அமைத்த 'பிளாக் ஆர்க்' கூடத்திலே இக்கலையை வேறொரு திசையில் வளர்த்தார்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பாடகர் குரலை நீக்கிவிட்டு எஞ்சியதைப் பாட்டு எனல் தகுமோ? கச்சேரியில் தனியாவர்த்தனம் நிகழும்போது பாடகர் வாய்மூடி இருப்பர். மிருதங்கம் தனித்துப் பேசும். ஆயினும் பாடிய கீர்த்தனையின் தாளமும் எடுப்பும் அவையினர் உள்ளத்தே ஓடிக்கொண்டிருக்கும். அந்நினைவின்றேல் தனியாவர்த்தனம் வெறும் கணக்காகிவிடும். டப் இசையும் அத்தகையதே. மறைந்த குரலைக் கேட்போன் அறிந்திருத்தல் வேண்டும். குரல் ஒருகாலத்தில் அங்கே இருந்தது என்னும் அறிவினின்றே அதன் இன்மை பொருள் பெறுகின்றது. எனவே டப் என்பது இல்லாத ஒருவரை நினைவிற் கொள்ளும் கலை எனலாம்.

கலையின் சிறப்பு இதுவாயின், அதன் குறையும் இதிலேயே உளது. ஒரே இசையடித்தளத்தின்மேல் பத்துப் பாடகர் பத்துப் பாட்டுப் பாடுதல் ஜமேக்காவின் வழக்கம். 1960களிலும் 1970களிலும் பாடகர் பலர் ஒரு பாட்டிற்கு ஒரு தொகை என்னும் கூலியைப் பெற்றுக்கொண்டு சென்றனர்; பதிவின் உடைமை தயாரிப்பாளரிடம் நின்றது. பாட்டு கடல்கடந்து விற்றபோது பாடியவர் அதனை அறியார். ஜமேக்கா தனக்கெனப் புதிய பதிப்புரிமைச் சட்டத்தை 1993ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றியது. குரலை மறைப்பது கலை நுட்பம்; குரலுக்குரியவரை மறைப்பது அநீதி. இவ்விரண்டும் ஒரே கூடத்தில் ஒருங்கே நிகழ்ந்தன.

இவ்வநீதி தவிர்க்கவியலாத ஒன்றன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று காட்டலாம். ஹொறஸ் அன்டி 1951ஆம் ஆண்டு கிங்ஸ்ரனிற் பிறந்தவர், 1972ஆம் ஆண்டில் 'ஸ்கைலார்க்கிங்' என்னும் பாட்டாற் பெயர்பெற்றவர், நடுங்கும் மென்குரலுக்குரியவர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்றியன் ஷேர்வூட், டப் கலவையில் நாற்பதாண்டுக்கு மேற்பட்ட பயிற்சியுடையவர். இவ்விருவரும் சேர்ந்து 2022ஆம் ஆண்டில் 'மிட்நைற் றொக்கர்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். அன்டி தம் பழைய பாடல்கள் சிலவற்றை எழுபது வயது கடந்த குரலில் மீண்டும் பாடினார். ஷேர்வூட் அக்குரலைச் சுற்றி இடைவெளியை அமைத்தாரேயன்றி, அதன்மேல் ஒலியைக் குவித்தாரல்லர். அதே ஆண்டில் அத்தொகுப்பின் டப் வடிவம் 'மிட்நைற் ஸ்கோர்ச்சர்ஸ்' என வெளிவந்தது. ஈண்டு கருதத்தக்கது வரிசைமுறை. குரல் முழுமையாக, பெயரோடு, முதலில் நின்றது. எதிரொலி அதன் பின்னே வந்தது. இரண்டு தொகுப்பும் பாடகர் பெயராலேயே வழங்கின.

இதுகாறும் கூறியவற்றை உளத்திற்கொண்டு இனி ஊவாவின் தோட்டங்களுக்குத் திரும்பலாம். 1867ஆம் ஆண்டில் கண்டிப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் கோப்பியை நோய் அழித்தபோது மலைநாடு முழுதும் தேயிலை பரவியது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைச் சரிவுகளிலும் லயங்கள் எழுந்தன. அங்கே ஒரு நாளின் தொடக்கமே ஒலிதான். விடியுமுன் தப்பு அறையப்படும், அவ்வோசை கேட்டு மக்கள் பிரட்டுக்களத்திற் கூடுவர், பெயர் கூப்பிடப்படும், மலை பகிரப்படும். தப்பு வேலைக்கு அழைத்தது, சாவிலும் ஒலித்தது, மாசி பங்குனியிற் காமன் கூத்திலும் அதுவே ஒலித்தது. அடக்கும் ஒலியும் ஆடவைக்கும் ஒலியும் ஒரே தோலினின்று எழுந்தன.

தோட்டத்துப் பாடல்கள் பலவகையின. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கோலாட்டம், தொழிற்பாட்டு, கங்காணியையும் துரையையும் எள்ளும் பாட்டு என அவை விரியும். கண்டிச் சீமைக்குக் கப்பலேறிய துயர், பற்றுச் சீட்டின் கடன், கோப்பி மலையின் குளிர், கொழுந்துக்கூடையின் நிறை ஆகியவை அவற்றின் பொருள். இவற்றுள் ஒப்பாரி தனித்து நோக்கத்தக்கது. ஒரு பெண் தொடங்குவாள். பிறர் தோளிற் கைபோட்டு அவள் விட்ட ஓசையை ஏற்று நீட்டுவர். இறந்தார்க்கு ஏற்பப் பெயரும் உறவும் மாறும், மெட்டு மாறாது. இறந்த தாயை அழத் தொடங்கியவள், அவ்விடத்திலேயே தன் பிறந்தகத்தையும், தன் வறுமையையும், தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் சேர்த்து அழுவாள். மெட்டு பொதுவுடைமை, சொல் அவளுடையது.

ஒரே மெட்டின்மேல் புதுச்சொல் ஏற்றும் இம்முறையைத் தோட்டங்களின் தொழிற்சங்க வரலாறும் கையாண்டது. 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரும், அவர் மனைவியார் மீனாட்சி அம்மையாரும் பாட்டைப் பிரசாரக் கருவியாக்கினர். கூட்டம் தொடங்குமுன் மீனாட்சி அம்மையார் பாடுவார். அக்காலத்துத் திரைப்படங்களாலும் நாடகங்களாலும் மக்கள் அறிந்திருந்த மெட்டுகளில் உரிமைக் கருத்துக்களை அமைத்து, சிறு நூல்களாகவும் அச்சிட்டனர். எழுத்தறியாத தொழிலாளரும் மெட்டை முன்னரே அறிவர். ஆதலிற் சொல் எளிதிற் பதிந்தது. ஜமேக்காவில் ஓர் அடித்தளத்தின்மேல் பல பாடகர் பாடிய வழக்கம் தோன்றுமுன்னரே, இங்கே ஒரு மெட்டின்மேல் ஒரு மக்கட்கூட்டத்தின் குறைகள் ஏற்றப்பட்டன.

வாய்மொழிப் பாடல்களை அழியாது காத்தோருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984). வட்டகொடையின் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டில் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராய்த் தெரிவு செய்யப்பட்ட அவர், தோட்டம் தோட்டமாய்ச் சென்று பாடல்களைத் திரட்டினார். அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இன்றும் ஆய்வாளர்க்கு அடிநூல். பின்னர் சாரல்நாடன் அப்பணியைத் தொடர்ந்தார். இவர்தம் தொண்டு போற்றற்குரியது. ஆயினும் அச்சுக்குச் சில எல்லைகள் உள. ஏடு சொல்லைக் காக்கும். இழுத்த மூச்சைக் காவாது. எந்தச் சொல்லில் குரல் உடைந்தது, எங்கே மற்றவர் சேர்ந்தனர் என்பன தாளிற் படிவதில்லை. அன்றியும், நாட்டார் பாடல் என்னும் பொதுப்பெயரின்கீழ்ப் பாடிய பெண்ணின் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. தொகுத்தவர் பெயர் அட்டையில் நிற்க, பாடியவர் 'மக்கள்' ஆகிவிடுகின்றனர்.

இம்மக்களின் வாழ்வையே இரு கூறாக்கிய நிகழ்ச்சிகள் அடுத்து வந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிற் கொண்டு, அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இரு நாட்டிற்கும் சமமாய்ப் பிரித்தது. பதுளையிலும் அட்டனிலும் புகைவண்டி ஏறியோர் தலைமன்னாரில் கப்பல் மாறி இராமேசுவரம் சேர்ந்தனர். ஒரே லயத்தில் ஒப்பாரிக்குத் தோள் கொடுத்த பெண்கள் இரு நாட்டினராயினர். குரல் ஒரு கரையிலும் அதனை ஏற்று நீட்டும் குரல் மறுகரையிலுமாக நின்றன.

அவ்வாறு இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியோருள் ஒருவர் வள்ளியம்மாள். அவருடைய பேரன், அரக்கோணத்தைச் சேர்ந்த கவிஞரும் பாடகருமாகிய அறிவு. 2017ஆம் ஆண்டில் தோன்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவால் அறியப்பட்டவர். ஈழத் தமிழ் மரபினராய் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அறிவு ஆகிய மூவரின் கூட்டு முயற்சியாக 'என்ஜாய் எஞ்சாமி' 2021ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் வெளிவந்தது. 'என் சாமி' என்னும் அன்பு விளியே தலைப்பாயிற்று. நிலத்தைப் பேணியோர் நிலமின்றி நின்ற கதை, முன்னோர் விட்டுச்சென்ற மண்ணின் பெருமை, பெண்ணின் உழைப்பு ஆகியன அதன் பொருள். காட்சிப்படத்தில் வள்ளியம்மாளே தோன்றினார். பல கோடி மக்கள் அதனைக் கேட்டனர். தோட்டத்துக் கதையொன்று உலக மேடை ஏறிய அரிய நிகழ்ச்சி அது.

அப்பாட்டின் அமைப்பிலும் டப் கூடத்திற்குரிய பிரிவினை காணப்படும். பாட்டியின் வாழ்வு ஒரு தடம். அதனைச் சொல்லாக்கிய பேரனின் வேகநடைப் பேச்சு ஒரு தடம். பறவைக் கூவல் போன்ற பல்லவியைத் தாங்கும் தீயின் குரல் ஒரு தடம். இவற்றை ஒன்றாய் இணைத்த ஒலியமைப்பு மற்றொரு தடம். துள்ளும் நடையினிடையே ஒப்பாரியின் நீண்ட அழுகையோசை திடீரெனத் திறக்கும். ஆடிக்கொண்டிருந்தோர் அக்கணம் நின்று கேட்பர். மகிழ்ச்சித் தாளத்தின் உள்ளே துயரை வைத்தல் றெகேக்கும் உரிய பண்பு.

ஆயின், பாட்டு புகழ்பெற்றபின் பழைய வினா எழுந்தது. 2021ஆம் ஆண்டில் ஆங்கில இசையிதழ் ஒன்றின் முகப்பட்டையில் தீயின் படம் வெளிவந்து, அறிவின் படம் இடம்பெறாமை கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அவ்விதழ் பின்னர் அறிவின் படத்துடனும் ஓர் அட்டையை வெளியிட்டது. பாட்டின் மறுகலவை ஒன்றன் விளம்பரம் குறித்தும் அத்தகைய குறையே கூறப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் சென்னையிற் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும், மூத்த நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாட்டைப் பாடினர். அறிவு அம்மேடையில் இல்லை. அதன்பின் அவர், இப்பாட்டைத் தாமே எழுதி, மெட்டமைத்து, பாடி, நடித்ததாக அறிக்கை விட்டார். மற்ற இருவரும் தத்தம் பங்கினை விளக்கியும், அறிவின் பங்கை எப்போதும் எடுத்துரைத்து வந்ததாகக் கூறியும் அறிக்கை விட்டனர். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலோ, அப்பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு காசும் கிடைத்திலது எனச் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாய்க் கூறினார். யார் பெரியர் என வாதிட்ட மூவரும் வெறுங்கையினராய் நின்றமை ஆழ்ந்து எண்ணற்பாலது.

இவ்வழக்கிற் தீர்ப்புக் கூறுதல் ஆய்வாளர் கடனன்று. ஆயின் உரிமையின் வகைகளைப் பிரித்தறிதல் அவர் கடன். சட்டம் மூன்றினை அறியும். சொல் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இம்மூன்றையும் தனித்தனி உடைமையாகக் கொள்கின்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் வருவாய்ப் பங்கினை உறுதிசெய்ய முயன்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் மரபின் வெளிப்பாடுகளுக்கும் காப்பளிக்கின்றது. இவையனைத்திற்கும் முற்பட்டதாய் நான்காவது ஒன்று உண்டு. அது வாழ்ந்த வாழ்வு. வள்ளியம்மாளின் உழைப்பும் புலப்பெயர்வும் எந்தப் பத்திரத்திலும் பதியப்படும் உடைமையல்ல. எனினும் அதுவின்றேல் சொல்லும் இல்லை, மெட்டும் இல்லை, பதிவும் இல்லை. அறிவு பின்னாளில் தம் இசைத்தொகுப்பிற்கு 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பெயரிட்டமை இக்கடனை ஏற்றுக்கொண்ட செயலாகும். சட்டம் கோராத கடனை மனம் அறிந்து செலுத்துதலையே தமிழர் செய்ந்நன்றியறிதல் என்றனர்.

இக்கடன் எத்துணை விரைந்து செலுத்தற்பாலது என்பதை மீரியபெத்த உணர்த்தும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், தொடர்மழையால் நெகிழ்ந்த மலை அத்தோட்டத்தின்மேற் சரிந்தது. லயன் வரிசைகள் மண்ணுட் புதைந்தன. கோயிலும் வீடும் மனிதரும் ஒருங்கே மறைந்தனர். பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீட்டையும் பெற்றோரையும் கண்டிலர். அடுத்த நாள், சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சரியாக ஐம்பது ஆண்டு. இந்நாட்டவரென எண்ணப்பட்டு இங்கே தங்கியோரின் சந்ததியார், தமக்கெனச் சொந்த நிலமும் வீடும் இன்றியே அம்மண்ணில் மறைந்தனர். அவருள் எவர் எத்தனை தாலாட்டு அறிந்திருந்தனர், எவர் ஒப்பாரி தொடங்க வல்லவராயிருந்தனர் என்பதைக் கணக்கிட்டுக் கூறுதல் இனி இயலாது. பதியப்படாத குரலுக்கு எதிரொலி இல்லை. டப் கலைஞரின் நாடாவும் ஒருமுறையேனும் பாடப்பெற்ற குரலையே மீட்டுத் தரும். பாடியும் பதியாத குரலை எக்கருவியும் மீட்பதில்லை.

எனவே இன்று செய்யத்தக்க பணி தெளிவானது. நாடாவும் பெருங்கூடமும் வேண்டிய காலம் கழிந்தது. ஒவ்வொரு மாணவன் கையிலுமுள்ள தொலைபேசியே பதிவுக்கருவி. ஊவாவின் தோட்டங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் விடுமுறையில் தம் பாட்டிமாரின் பாட்டைப் பதிதல் கூடும். பதியுமுன் அவர் உடன்பாட்டைக் கேட்டல் வேண்டும். பாட்டோடு பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், பாட்டை அவர் எவரிடம் கற்றார், எந்நிகழ்ச்சியிற் பாடுவது, பதிந்த நாள் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். இடையில் இருமினாலும், மறந்து நிறுத்தினாலும், 'அம்மாடி, எனக்கு மறந்துபோச்சு' எனச் சிரித்தாலும் அதனையும் வெட்டாது வைத்தல் வேண்டும். அது குறையன்று, குரலின் கையொப்பம். பிற்காலத்தில் ஓர் இசைவல்லார் அக்குரலை எடுத்துப் புதுவடிவு செய்யலாம், செய்தலும் நன்று. மரபு புதுக்கப்படாது உயிர்வாழ்தல் அரிது. ஆயின் அவர் செய்யும் பாட்டின் முதல் வரியில் அப்பாட்டியின் பெயர் நிற்றல் வேண்டும். வருவாய் வருமாயின் அவர் வீட்டிற்கும் அதில் ஒரு பங்கு சேர்தல் வேண்டும்.

மலை எதிரொலிக்கும்போது கூவியவர் யாரென அது கூறுவதில்லை; அது மலையின் இயல்பு. மனிதரோ அவ்வாறிருத்தல் தகாது. கிங்ஸ்ரனின் சிறு கூடத்தில் மறைந்து தோன்றிய குரலும், கொழுந்து மலையில் எழுந்து கடல்கடந்த குரலும் ஒன்றையே வேண்டி நிற்கின்றன: கேட்போர் எத்திசையிலிருப்பினும், கூவியவர் பெயரைக் கேட்டறிந்து சொல்லுதல்.